அம்மிச் சத்தம் நின்ற இடம்

என் மேரியக்கா,

உனக்குக் கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. உன்னைப் பாலக்கோட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்த பிறகு ஒரு இன்லேண்டு லெட்டர்கூட நான் போட்டதில்லை. அம்மா சொல்லச் சொல்ல அப்பாதான் எழுதுவார். கடைசியில் "அருள் உன்னை விசாரித்தான்" என்று ஒரு வரி சேர்ப்பார். நான் விசாரித்ததே இல்லை, அக்கா. இப்போது நீ போய்ச் சேர்ந்த பிறகு, நாலு பேர் பார்க்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தர்மபுரி தனி மாவட்டமான மறு வருஷம் கடத்தூரில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து நாடக வாசிப்பு வட்டம் தொடங்கினோமே, அது போன தையோடு கலைந்துவிட்டது. யாரும் கலைக்கவில்லை. நான் கூட்டத்தில் உட்காருவதை நிறுத்தினேன், மற்றவர்களும் வராமல் நின்றுவிட்டார்கள்.

படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வட்டத்தில் மேடை கிடையாது, வேஷம் கிடையாது. நாடகத்தை எழுத்தாக மட்டும் படிப்போம், அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பேசுவோம். ஒரு ஞாயிறு பழைய நாடகம், அடுத்த ஞாயிறு புதியது. காலைப் பூசை முடிந்ததும் எங்கள் வீட்டு முன்னறையில்தான் கூட்டம். உட்கார பெஞ்சு இருந்தது, டீ போட அக்கா இருந்தாள்.

நூலகத்திலிருந்து நான் கொண்டுவரும் நாடகத்தை எனக்கு முன்னால் நீ படித்து முடித்திருப்பாய். பக்க ஓரத்தில் புளிக் கறை இருக்கும், நான் கத்துவேன். நீ ஒருநாள் சொன்னாய்: "இதுல அந்தச் சேவகன் எட்டு வாட்டி வர்றான்டா. ஒருத்தர்கூட அவன உக்காருன்னு சொல்லல, பாத்தியா?" அந்த நாடகத்தைப் பற்றி நான் பத்துப் பக்கம் எழுதி வைத்திருந்தேன். அதில் சேவகனே இல்லை. "அக்கா, அதெல்லாம் சின்னப் பாத்திரம்" என்றேன். "ஆமாமா, சின்னதுதான்" என்று உள்ளே போய்விட்டாய்.

இன்னொன்றும் சொன்னாய். பழைய நாடகங்களில் சாவு மேடையில் நடக்காது, ஓர் ஆள் ஓடி வந்து சொல்வான் என்று நான் பெரிதாக விளக்கிக்கொண்டிருந்தேன். "நெசத்துலயும் அப்புடித்தானடா. செத்த வூட்டுல நாம எங்க இருக்கறோம்? யாராவது வந்துதான சொல்றாங்க" என்றாய். உன் சாவும் அப்படித்தான் வந்தது. உன் மச்சினன் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து, வாசலிலேயே நின்று, மஞ்சக்காமாலை முத்திப்போச்சுங்க என்றான். சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டான். நான் கொடுத்தேன்.

எங்கள் வட்டத்துக்கு ஒரு விதி இருந்தது, அதற்கு வருகிறேன். புது நாடகம் எது வந்தாலும், எங்கள் செயலாளர், தபால் ஆபீஸ் மாசிலாமணி சார், தம் கையால் கார்பன் வைத்து ஐந்து படி எடுப்பார். எழுதியவர் பெயரை மட்டும் விட்டுவிடுவார். பெயரைப் பார்த்தால் எழுத்தைப் பார்க்கமாட்டோம் என்பது எங்கள் கொள்கை. அந்த விதியைக் கொண்டுவந்தவன் நான்தான். அதில் எனக்கு இருந்த பெருமை உனக்குத் தெரியும். சாப்பிட உட்காரும்போதெல்லாம் உன்னிடம்தானே பீற்றிக்கொண்டேன்?

உன் கல்யாணத்துக்கு முந்தின புரட்டாசியில் ஒரு புது நாடகம் வந்தது. அதை அலசிக் கட்டுரை எழுதிப் படிக்க அந்த ஞாயிறு என் முறை. மூன்றே காட்சி. ஒரு வீட்டின் முன்னறை. அப்பா, தம்பி, தரகர் மூன்று பேரும் மூத்த பெண்ணின் கல்யாணத்தைப் பேசுகிறார்கள். அந்தப் பெண் கடைசிவரை மேடைக்கு வரவே மாட்டாள். அடுப்படியில் அவள் வேலை செய்கிற சத்தம் மட்டும் கேட்கும். "உள்ளே அம்மி அரைக்கும் சத்தம்." "சத்தம் நிற்கிறது." "மறுபடி கேட்கிறது." கடைசியில் அப்பா உள்பக்கம் திரும்பி மகளிடம் செல்லமாக, "சம்மதந்தான ஆயா?" என்று கேட்பார். அம்மிச் சத்தம் நின்றுவிடும். "பாத்தீங்களா, சம்மதிச்சிட்டா" என்பார் அப்பா. அதோடு முடிவு.

நான் அதைக் கிழித்துத் தொங்கவிட்டேன். எட்டுப் பக்கம். முதன்மைப் பாத்திரத்தை மேடைக்குக் கொண்டுவரத் தெரியாதவன் நாடகம் எழுதப் புறப்பட்டுவிட்டான் என்று தொடங்கினேன். மோதல் இல்லை, வளர்ச்சி இல்லை, வசனத்தைவிடக் குறிப்புதான் அதிகம் என்றேன். எல்லா வீட்டிலும் நடப்பதுதானே, இதில் நாடகம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். மாசிலாமணி சார் மட்டும் சிரிக்கவில்லை. வெற்றிலை போட்டிருக்கிறார், அதனால்தான் என்று நினைத்தேன்.

அன்றைக்கு நீ மதியக் குழம்புக்கு அரைத்துக்கொண்டிருந்தாய். நான் படிக்கப் படிக்கப் பின்னால் அம்மி ஓடிக்கொண்டிருந்தது. எந்த வரியில் அது நின்றது என்று இந்த ஒரு வருஷமாக யோசிக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. நின்றது மட்டும் தெரியும். ஏனென்றால் நான் கட்டுரையை முடித்துவிட்டு, "அக்கா, டீ என்னாச்சு?" என்று குரல் கொடுத்தபோது வீடு அமைதியாக இருந்தது. ரொம்ப நேரம் கழித்து டீ வந்தது. சர்க்கரை போட மறந்திருந்தாய். அதற்கும் கிண்டல் பண்ணினேன்.

அடுத்த தை மாதமே உனக்குக் கல்யாணம் முடிந்தது. பேச்சு நடந்தபோது நானும் முன்னறையில்தான் இருந்தேன். அப்பா என்னைப் பார்த்து, "நீ என்ன சொல்றடா?" என்றார். "அக்காவுக்கு என்ன, சம்மதந்தான்" என்றேன். நான் அப்போது ஏதோ புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்து, போன தையில், உன் முப்பதாம் நாள் பூசைக்கு மாசிலாமணி சார் வந்திருந்தார். கோயிலைவிட்டு வெளியே வரும்போது என் தோளைத் தொட்டு, "தம்பி, அந்தப் பொண்ணு நாடகம் பத்திரமா வெச்சிருக்கறீங்களா?" என்றார்.

"எந்த நாடகங்க சார்?"

"உங்களுக்கு இன்னுமா தெரியாது? அம்மி நாடகந்தாங்க. மேரி எழுதுனது. உங்க மொற வரைக்கும் காத்திருந்து குடுத்துச்சு. எந் தம்பிக்கு நாடகம்னா உசுரு, அவன் படிச்சாப் புரிஞ்சிக்குவான், அப்பாகிட்டப் பேசுவான்னு சொல்லுச்சு. விதின்னு ஒண்ணு இருக்குதே, நான் எப்புடிங்க வாயத் தெறக்கறது?"

அக்கா, அது நாடகமா, எனக்கு எழுதின கடிதமா? நேரில் சொன்னால் கேட்கமாட்டேன் என்று தெரிந்துதானே, நான் எதை மதிக்கிறேனோ அதன் வழியாகவே வந்தாய்? ஒரு பெண் வேண்டாம் என்று சொல்வதை அவள் வீட்டில் யாருக்கும் கேட்கவில்லை என்பதுதான் அந்த நாடகம். அதைக் கையில் வைத்துக்கொண்டு, உன் வீட்டில் உட்கார்ந்து, உன் காதில் விழும்படி, ஒன்றும் நடக்கவில்லை என்று நான் படித்திருக்கிறேன். இதற்குமேல் ஒரு முட்டாளை எவனாலும் எழுதிவிட முடியாது.

பிறகு அந்த நாடகத்தைத் தேடி அலைந்தேன். நான் கட்டுரை படித்த அன்று சாயங்காலமே உன் நோட்டை நீ அடுப்பில் வைத்துவிட்டதாக அம்மா சொன்னாள். "வெறகு ஈரமா இருந்துச்சுடா, பழைய நோட்டுன்னுச்சு, நானும் சரின்னுட்டேன்." ஐந்து படிகளில் ஒன்றைக் கரையான் தின்றுவிட்டது. ஒன்று கடையில் பொட்டலம் மடிக்கப் போனது. ஒன்றை ஒகேனக்கல் போன இடத்தில் மீன் வறுவல் வைத்துத் தின்னக் கிழித்ததாக ஒருவர் சொன்னார், பாவம், சொல்லும்போது அவருக்கே வெட்கமாக இருந்தது. மாசிலாமணி சாரின் படி, அவர் சேலத்துக்கு மாற்றலாகி வீடு மாறியதில் தொலைந்தது. என்னுடையதை நானே, எதற்கும் உதவாது என்று, புத்தகத்துக்கு அட்டை போட்டுவிட்டேன். அந்தப் புத்தகமும் இப்போது இல்லை.

மிஞ்சியது என்ன தெரியுமா? என் கட்டுரை. எட்டுப் பக்கமும் மடிப்புக் கலையாமல் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. தப்பைக் காட்டுவதற்காக நான் எடுத்து எழுதிய ஒன்பது வரிதான் இன்றைக்கு உலகத்தில் உன் எழுத்து. அதுவும் நான் ஏளனம் செய்தவை. நான் நன்றாக இருக்கிறது என்று நினைத்து விட்டுவிட்ட வரிகள் போயே போய்விட்டன.

நினைவிலிருந்து எழுதிப் பார்த்தேன். வரவில்லை. நான் எழுதினால் அந்தப் பெண் மேடைக்கு வந்து பேசத் தொடங்கிவிடுகிறாள், அழகழகாகப் பேசுகிறாள். நீ வைத்த அந்த மௌனம் எனக்கு எழுத வரவில்லை. கிழித்துப் போட்டேன். இனி எந்த நாடகத்தையும் எடுத்துப் படிக்க என்னால் ஆகாது. தொட்டாலே புளிக் கறையைத் தேடுகிறேன்.

உனக்கு ஒரு சேதி. நம் தங்கச்சி தெரசாவைப் பெண் பார்க்க அரூரிலிருந்து அடுத்த ஞாயிறு வருகிறார்கள். அவளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. அப்பா பெஞ்சைத் துடைத்து வைத்துவிட்டார். நேற்று அவள் அரைத்துக்கொண்டிருந்தபோது அம்மி நின்றது. நான் எழுந்து உள்ளே போனேன். "என்னண்ணா, டீயா?" என்றாள். திரும்பி வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் முன்னறையில் உட்காரமாட்டேன். உனக்குச் சத்தியம் செய்கிறேன். அடுப்படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் வாயாலேயே கேட்பேன். வேண்டாம் என்றால் நான் வெளியே வந்து அப்பாவிடம் வேண்டாம் என்பேன். உனக்கு இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. அது எனக்குத் தெரியும். இதை எழுதும்போதும் தெரியும்.

கட்டுரையின் ஏழாம் பக்கத்தில், உன் நாடகத்தில் வருகிற தம்பியைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறேன். நான் எழுதியதில் சரியாக இருப்பது அது ஒன்றுதான். அதையே கையெழுத்தாகப் போடுகிறேன்.

"இந்தத் தம்பி எதற்கு வருகிறான் என்றே தெரியவில்லை, அவனை நீக்கினாலும் நாடகத்தில் ஒன்றும் குறையாது."

அந்தத் தம்பி,
அருள்