காலைல என் மேசையில உக்கார்ற ஆளுக்கு

14/7 திங்கள்

மழை. பஸ்ஸுக்குள்ளயே ஒழுகுது. ஷூ ஈரம், சாக்ஸ் ஈரம், மூடு மட்டும் செம.

ஏன்னா இனிமே கட்டுரை இல்ல!!! புது தமிழ் டீச்சர் வந்ததும் போர்டுல முன்னுரை, கருத்து 1, கருத்து 2, முடிவுரைன்னு எழுதுனாங்க. உடனே அழிச்சிட்டாங்க.

"இந்த மாசம் இது வேணாம். நீங்க மத்தியானம் உக்கார்ற மேசையில காலைல ஃபார்ம் ஃபோர் தமிழ்ப் பிள்ளைங்க உக்கார்றாங்க. அவங்களுக்குக் கடிதம் எழுதி டிராயர்ல வைங்க. பதில் வரும். பேர் வேணாம். கடைசில எல்லாத்தையும் நோட்டுல ஒட்டிக் குடுத்தா அதான் மார்க்."

கிஷன்: "எத்தனை சொல்லு டீச்சர்?"

"ஒரு ஆளுகிட்ட பேசறப்ப எண்ணிக்கிட்டா பேசுவ?"

அவன் மூஞ்சியப் பாக்கணுமே!

நாங்க 11 பேரு. ரெண்டு ரெண்டு பேரா உக்காந்தா மிச்சம் நான். மரவேலை சொல்லிக்குடுத்த பழைய பெங்கெல் ரூம், இன்னும் மரத்தூள் வாசனை. கடைசி பெஞ்சு, பக்கத்துல காலி.

எழுதுனது: ஹாய். காலைல இங்க எப்படி இருக்கும்? என் பக்கத்துல யாரும் இல்ல. எனக்குப் பேய்க்கதைன்னா உயிர். உங்களுக்கு?

15/7 செவ்வாய்

வெயில் மண்டையப் பொளக்குது.

பதில் வந்திருச்சு!!! எனக்கு மட்டும். கிஷன் டிராயர்ல செத்த கரப்பான். "உனக்கு மட்டும் ஆளு மாட்டிக்கிச்சு லா"ன்னு பாட்டு வேற.

கோடு போடாத பேப்பர், பென்சில் எழுத்து:

"எனக்கும் பக்கத்துல யாரும் இல்ல. இங்க மணி அடிக்காது. நீ நிறைய எழுது. ஆனா இத யாருக்கும் காட்டாத. காட்டுனா எனக்கு இடம் இருக்காது."

சத்தியமா காட்ட மாட்டேன்னு எழுதி வச்சேன். டீச்சருக்கு ஒட்டணுமே? அப்புறம் பாத்துக்கலாம்.

17/7 வியாழன்

- கணக்கு டெஸ்ட் ஊத்திக்கிச்சு
- காண்டீன்ல மீஹூன் முடிஞ்சிருச்சு
- ரெண்டாவது பதில்:

"எழுதறப்ப நீ காலாட்டுற. மேசை ஆடுது. என்னால எழுத முடியல."

சிரிச்சிட்டேன். பஸ்ல வர்றப்பதான் உறைச்சுச்சு. நான் ஆட்டுறது மத்தியானம். காலைல உக்கார்ற ஆளுக்கு எப்படித் தெரியும்?

கை முடியெல்லாம் நட்டுக்கிச்சு. அதோட ஒரு நெனப்பு: இது செம கன்டென்ட்.

19/7 சனி

அம்மா ஓ.டி. காலைல ஃபெரி ஏறி புக்கிட் தெங்கா ஃபேக்டரிக்குப் போய்ட்டாங்க.

கடிதத்தப் படம் புடிச்சேன். ஸ்லோ ஜூம், அடியில மழைச் சத்தம், மூணு மணி நேரம் எடிட். எல்லாம் பாத்துப் பாத்து நானே கத்துக்கிட்டது. என் பேஜ்ல போட்டாச்சு. பாக்கறதே 43 பேரு. பேர் இல்ல, ஸ்கூல் இல்ல. இதெல்லாம் காட்டுனதா ஆகுமா?

அம்மா வந்ததும்: "என்னடி கண்ணு இப்படி செவந்து கெடக்கு? சாப்ட்டியா, இல்ல அந்தப் போனயே தின்னியா?"

20/7 ஞாயிறு

பேய் அண்ணே ஷேர் பண்ணிட்டாரு!!!!! பேய் அண்ணே!!! ரெண்டு வருஷமா அவர் பேய்க்கதைச் சேனல் கேட்டுத்தான் நான் தூங்கறதே. "தங்கச்சி, பின்னிட்ட"ன்னு எழுதியிருக்காரு. குதிச்சதுல கீழ் வீட்டு ஆண்ட்டி சீலிங்கத் தட்டுறாங்க.

43 இப்ப முப்பதாயிரம். கமெண்ட் பூரா யாரோ ஆரம்பிச்சு வச்ச விளையாட்டு, வகுப்புல பேர் கூப்பிட்டா சொல்ற மாதிரி. "உள்ளேன் டீச்சர்." "உள்ளேன்." "நானும் உள்ளேன்." கீழ போகப் போக அதேதான்.

21/7 திங்கள்

டீச்சர்: "சாரிப்பா. காலை வகுப்ப லைப்ரரிக்கு மாத்திட்டாங்களாம், இங்க சீலிங் ஒழுகுதுன்னு. போன வாரம் பூரா காலைல இந்த ரூமுக்கு யாரும் வரல. அதான் யாருக்கும் பதில் இல்ல."

எல்லாரும் திரும்பி என்னயப் பாத்தாங்க. நான் கிஷனப் பாத்தேன். "அம்மா மேல சத்தியமா நான் இல்ல"ன்னான். முழி பொய் சொல்லல.

சாவி வச்சிருக்கற வாட்ச்மேன் பாக்சிக்கப் போய்க் கேட்டேன். காலைல பூட்டியேதான் இருக்குமாம். மத்தியானம் அவரே வந்து தொறந்து விடுறாராம். "கெனாப்பா, டிக்?" ஏன்னு கேக்கறாரு. என்னன்னு சொல்ல.

டிராயர்ல பேப்பர் இருந்துச்சு. எழுத்து பொடிசா, ஓரத்துல, நெருக்கி நெருக்கி:

"ஏன் காட்டுன. உள்ள நிறைய பேரு வந்துட்டாங்க. உள்ளேன் உள்ளேன்னு கத்தறாங்க. நான் சுவரோரம் நிக்கறேன்."

கமெண்ட் பத்தி நான் எந்தக் கடிதத்துலயும் ஒரு வார்த்தை எழுதல.

வீட்டுக்கு வந்ததும் போஸ்ட்ட அழிச்சேன். பேய் அண்ணனுக்கும் மெசேஜ் பண்ணேன், எடுத்துட்டாரு. ஆனா எத்தனை பேரு டவுன்லோட் பண்ணிட்டாங்களோ. இன்னும் சுத்துது.

22/7 செவ்வாய்

வெளிய நல்ல காத்து. ரூமுக்குள்ள மட்டும் புழுக்கம், சன்னல் கண்ணாடில உள்பக்கம் ஆவி.

கிஷன் உக்காந்த வேகத்துல எந்திரிச்சான். "டேய், பெஞ்சு சுடுது. யாரோ இப்பதான் எந்திரிச்சுப் போன மாதிரி." எல்லாரும் தொட்டுப் பாத்தாங்க. எல்லா பெஞ்சும். யாரும் சிரிக்கல.

என்னுது மட்டும் சில்லுன்னு.

எழுதுனேன்: அழிச்சிட்டேன். தப்பு என்னுதுதான். அவங்கள எப்படி வெளிய அனுப்பறது?

டிராயர்ல வச்சிட்டு நகரவே இல்ல. வகுப்பு முடியறப்ப கைய விட்டா வேற பேப்பர்.

"போக மாட்டேங்கறாங்க. நிக்க முடியல. உன் பக்கத்துல காலிதானே?"

பதில் எழுதல. பயம். ஆனா காலி இருக்கறது உண்மை.

24/7 வியாழன்

மழை, திரும்ப.

டீச்சர் நோட்டுல கையெழுத்துப் போட வந்தாங்க. "உனக்கு மட்டும் ஏதோ பதில் வந்துச்சாமே? எங்க, காட்டு."

"காட்ட மாட்டேன் டீச்சர்."

"மார்க் போயிரும்மா."

"பரவால்ல டீச்சர்."

பேனாவ மூடுனாங்க. "சரி. அப்ப நீ கட்டுரை எழுது. தலைப்பு: என் நண்பர்."

கிஷன் வாயப் பொத்திச் சிரிக்கறான். முன்னுரைன்னு எழுதி அடிக்கோடு போட்டேன். ரெண்டு காலையும் தரையில அழுத்தி வச்சிருந்தேன், ஆட்டவே இல்ல.

மேசை ஆடுச்சு.

கொஞ்சம் தள்ளி உக்காந்து இடம் விட்டேன்.