வியாழக்கிழமை விரதம்

ஜூலை 29, செவ்வாய்

மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டாயிற்று. கை நோகிறது. வேறு மருந்து ஏதும் எடுக்கிறீர்களா என்று தாதி கேட்டபோது, எனக்கு முந்தி அம்மா 'நோ' என்றார். எடுக்கிறேன். இரண்டு வருடமாக. சனம் நெருங்கினால் மூச்சடைத்து, கை விறைத்து, செத்துவிடுவேன் என்று தோன்றும் அந்தப் பத்து நிமிடத்துக்காக. அம்மா காரை எடுக்கப் போன நேரம் தாதியிடம் உண்மையைச் சொன்னேன். அவருக்கு அது ஒரு விஷயமாகவே இல்லை.

காரில் அம்மாவின் வழக்கமான எச்சரிக்கை: "கலியாணம் முடியுமட்டும் வாய் திறக்காதை. விசர், பைத்தியம் எண்டு கதை கட்டிவிடுவினம்."

மே மாதமே கலியாண எழுத்து முடிந்துவிட்டது. சட்டப்படி நான் தர்சிகனின் மனைவி. தாலி ஏறுவது நவம்பரில். அதுவரை லண்டனின் இரண்டு மூலையில்: நான் பார்க்கிங்கில் அம்மாவோடு, அவர் கிங்ஸ்பரியில் தன் வீட்டில். ஓகஸ்டில் உகண்டாவுக்குச் சுற்றுலா. அவருடைய அக்கா துஷ்யாவும் வருவதால்தான் அம்மா என்னை விடுகிறார்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

மாத்திரைகளை விற்றமின் போத்தலுக்குள் மாற்றிவிட்டேன். தர்சிகனுக்குத் தெரியக்கூடாது.

ஓகஸ்ட் 13, புதன். மர்ச்சிசன் பூங்கா, உகண்டா

நேற்றிரவு வந்து சேர்ந்தால், விடுதியில் எனக்கும் தர்சிகனுக்கும் ஒரே அறை. கட்டிலில் குளியல் துவாயை மடித்துச் செய்த இரண்டு அன்னப் பறவைகள். பதிவில் கணவன் மனைவி என்று இருந்ததாம். துஷ்யா அக்கா அன்னங்களைக் குலைத்துவிட்டுத் தன் பெட்டியைக் கட்டிலில் வைத்தார். "நீ போய் என்ர அறையில படு. தாலி கட்டினாப் பிறகு வா." தர்சிகன் சிரித்துக்கொண்டே போனார்.

இன்று காலையில் ஒரு பெண் சிங்கம், ஜீப்புக்குப் பத்தடி தள்ளிப் புல்லுக்குள். அக்கா சீற்றுக்குக் கீழே பதுங்கிவிட்டார். எனக்குப் பயமே வரவில்லை. "பிள்ளைக்கு நெஞ்சில உரம்" என்று பிறகு எல்லோரிடமும் சொன்னார். பயத்தைப் பற்றி ஓர் அலுமாரித் தட்டு நிறையப் புத்தகம் வாசித்திருக்கிறேன். கண்முன்னால் வரும் பயத்தோடு எனக்குப் பிரச்சினை இல்லை.

ஓகஸ்ட் 14, வியாழன்

நடந்துவிட்டது.

அருவியின் உச்சியில். நைல் நதி முழுவதும் ஒரு சின்னப் பாறை இடுக்குக்குள் நெரிந்து விழுகிறது. நாங்கள் நின்ற இடமும் அப்படித்தான் – ஈரக் கம்பி வேலி, இரண்டு பஸ் பள்ளிப் பிள்ளைகள், பின்னாலிருந்து தள்ளல். இரைச்சல் நெஞ்சுக்குள் இறங்கியது. அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். எழும்ப ஏலாது, கதைக்க ஏலாது, எல்லாரும் பாக்கினம், ஐயோ, அக்கா பாக்கிறா –

தர்சிகன் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி, "அவ இண்டைக்கு விரதம், அக்கா. தலை சுத்துது. பிள்ளையளை விலத்தி விடுங்கோ."

"வியாழக்கிழமையில என்ன விரதம்?"

"அது ஒரு நேர்த்திக்கடன்."

காலையில் எனக்குச் சாப்பாடு இறங்காதது அவருக்கு உதவியது. ஆனால் எவ்வளவு லேசாகப் பொய் வந்தது. எனக்காகவா? தன் மானத்துக்காகவா?

ஓகஸ்ட் 15, வெள்ளி

படகில், அக்கா முன்னால் நீர்யானைகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மருந்தின் பெயர் வரை. ஏன் பொய் சொன்னீர்கள் என்றும் கேட்டேன்.

தர்சிகன் சொன்னார்: "உமக்கு என்ன எண்டு அப்ப எனக்கே தெரியாது. நீர் எனக்குச் சொல்லாததை நான் அக்காவுக்கு என்னெண்டு சொல்லுறது?" பிறகு, "எங்கட வீட்டில சொல்லுறதோ விடுறதோ உம்மட விருப்பம்."

இது அன்பா, கைகழுவலா? தெரியவில்லை.

ஓகஸ்ட் 24, ஞாயிறு. பார்க்கிங், லண்டன்

தர்சிகனின் அம்மா, ஜெயகௌரி மாமி, போனில் கூப்பிட்டார். துஷ்யா அக்கா அந்த விரதத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். காட்டுக்குப் போன இடத்திலும் நேர்த்தியை விடாத மருமகள் யாருக்குக் கிடைக்கும்? தெரிந்தவர்கள் எல்லோருக்கும் சொல்லியாயிற்றாம். ஒக்டோபரில் கந்தசஷ்டி ஆறு நாளும் தன்னோடு சேர்ந்து விரதம் பிடிக்கவேண்டுமாம், தண்ணீர் மட்டும் குடித்து.

அம்மாவுக்கு ஒரே சந்தோசம். "பிடியன். ஆறு நாள்தானே."

சாப்பாட்டோடு எடுக்கிற மாத்திரை, அம்மா.

செப்டெம்பர் 2, செவ்வாய்

சொன்னால் கலியாணம் குழம்பும். சொல்லாவிட்டால்? சஷ்டிக்குப் பிறகு திருவெம்பாவை விரதம் வரும், சிவராத்திரி வரும்.

செப்டெம்பர் 6, சனி

மாமியின் குசினியில் மருந்தைப் பற்றிச் சொன்னேன். நான் கேட்டுக்கொண்டபடி தர்சிகன் வாய் திறக்காமல் பக்கத்தில் நின்றார். மாமி வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"அப்ப நேர்த்தி?"

"இல்லை, மாமி."

அடுத்த வெங்காயத்தை எடுத்தார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். எழும்பிப் போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

செப்டெம்பர் 10, புதன்

மாமியிடமிருந்து ஒன்றும் இல்லை. தனக்கும் சொல்லவில்லை என்கிறார் தர்சிகன். நம்புகிறேனா? நம்புகிறேன்.

செப்டெம்பர் 13, சனி

மணவறை போடும் புவனேசன் அண்ணை கலியாண ஹோலுக்கு வருகிறார், நீங்களும் வாருங்கள் என்று மாமியின் செய்தி. வேறு ஒரு சொல் இல்லை. அம்மாதான் கார் ஓட்டிக்கொண்டு வந்தார்.

முந்நூறு பேர் என்றால் மணவறை நடுவில்தான் வடிவு என்றார் புவனேசன் அண்ணை.

"நடுவில வேண்டாம், தம்பி" என்றார் மாமி. "அந்தப் பக்கக் கதவோட போடுங்கோ. பொம்பிளைக்குச் சனம் நெருங்கினால் மூச்சு முட்டும். கதவு திறந்திருக்கோணும்."

குரலைத் தாழ்த்தவில்லை. துஷ்யா அக்கா திரும்பிப் பார்த்தார். கதிரை அடுக்கிக்கொண்டிருந்தவர்களும். அம்மா நிலத்தைப் பார்த்தார்.

புவனேசன் அண்ணை அளவுநாடாவோடு கதவடிக்குப் போய், எவ்வளவு தள்ளி வைக்கலாம் என்று என்னைக் கேட்டார்.

போய் நின்று காட்டினேன்.