தோட்டத்தை விட்டுப் போனவர்கள்

மதினி,

இன்று காலை தெமோதரையிலிருந்து பதுளைக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். வழியில் ஒரு தேயிலை மலையில் பெண்கள் குனிந்து புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஈரமண்ணும் அறுபட்ட புல்லும் கலந்த வாசம் ஜன்னல் வழியாக வந்ததும், பக்கத்து சீட்டில் நீங்கள் வந்து உட்கார்ந்ததுபோல இருந்தது. வேலை விட்டு வந்தால் உங்கள் சேலையில் அந்த வாசம்தான் இருக்கும். நீங்கள் எங்களை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது.

மடுல்சீமைத் தோட்டத்தில் உங்கள் லயத்து வீட்டுக்கு நான் கல்யாணமாகி வந்தது அப்பாவின் சொல்லை மீறித்தான். அவர் ஹாலிஎலவில் கிறிஸ்தவ சபை மூப்பர். கோயில் கும்பிடும் குடும்பத்தில் உங்கள் தம்பியைக் கட்டிக்கொள்கிறேன் என்றபோது அவர் கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்: "ஏவாளும் சொல்லு கேக்கல. வேதனைப்பட்டுத்தான் புள்ள பெறணும்னு கர்த்தர் சொல்லிட்டாரு. ஒனக்கும் அதான்." சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். அன்றைக்கு அதில் என் பெயரையும் சேர்த்து எழுதியதுபோல இருந்தது.

அதனால்தான் எட்டாம் மாதத்தில் கால் வீங்கியபோது நான் வாய் திறக்கவில்லை. தலை பிளந்தது. கண்முன் பூச்சி பறந்தது. எனக்கென்று வைத்த வலி, நான்தான் தாங்க வேண்டும் என்று கிடந்தேன். உங்கள் தம்பி கொழும்பில் வேலைக்குப் போயிருந்தார். மலைக்கு வேலைக்குப் புறப்பட்ட நீங்கள், செருப்புக்குள் நுழையாத என் காலைப் பார்த்துவிட்டு புல்வெட்டும் சுரண்டியைக் கீழே வைத்தீர்கள்.

"எத்தனை நாளா புள்ள இப்பிடி?"

அழுதுகொண்டே அப்பா சொன்னது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். ஏதேன் தோட்டம் என்று தொடங்கியதும், "அது எந்தப் பக்கம், லுணுகலைப் பக்கமா?" என்றீர்கள். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. விலக்கிய கனியை அவள் தின்றதையும் புருஷனுக்குக் கொடுத்ததையும் பொறுமையாகக் கேட்டீர்கள்.

"சரி, அவளுக்கு பேறுகால வலி. அந்த ஆளுக்கு என்ன தண்டனை?"

"நெலம் முள்ளும் பூண்டுமா மொளைக்கும். வேர்வை சிந்தித்தான் சாப்பிடணும்."

கீழே கிடந்த சுரண்டியைப் பார்த்தீர்கள். பிறகு கேட்டீர்கள்: "ஒங்கப்பாவும் தோட்டத்துல வேலை செஞ்சவருதானே? சாமி மொளைக்க விட்ட புல்லுன்னு வெட்டாம விட்டாரா?"

என் கையைப் பிடித்துத் தூக்கினீர்கள்.

"புல்ல வெட்டலாம், ஒன் வலிக்கு மட்டும் மருந்து பாக்கக்கூடாதா? எந்திரி."

தேயிலைக் கொழுந்து ஏற்ற வந்த லொறியை வழியில் மறித்தீர்கள். டிரைவர் தயங்கியபோது, "ரெண்டு உசிரு தம்பி, கொழுந்து காத்திருக்கும்" என்றீர்கள். குழி விழுந்த அந்தப் பாதை முழுக்க என் தலை உங்கள் மடியில் இருந்தது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் "மாரியாத்தா" என்றீர்கள். நான் "இயேசப்பா" என்றேன். பதுளை ஆஸ்பத்திரியில் பிரஷரைப் பார்த்ததுமே உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். ஒப்பரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். நானும் பிழைத்தேன், அவளும் பிழைத்தாள்.

அப்பாவுக்கு நீங்கள்தான் ஆள் அனுப்பிச் சொல்லியிருந்தீர்கள். வந்தவர் வார்டு வாசலிலேயே நின்றார். "வாங்கய்யா, பேத்திய வாங்குங்க" என்று, அவர் யோசிப்பதற்குள் பிள்ளையைக் கையில் கொடுத்துவிட்டீர்கள். அவர் அவளைப் பார்த்தார், என் கையில் செருகியிருந்த சேலைன் குழாயைப் பார்த்தார். "ரொம்ப வலிச்சிச்சாம்மா?" என்று கேட்டார். எனக்கு அது போதுமாக இருந்தது. லயத்தில் என்னிடம் கேட்ட கேள்விகளில் ஒன்றைக்கூட நீங்கள் அவரிடம் கேட்கவில்லை. உயிரைக் காப்பாற்றியதற்கு எத்தனையோ முறை நன்றி சொல்லியிருக்கிறேன். அப்பாவைத் தலைகுனிய வைக்காமல் விட்டதற்குச் சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறேன்.

போன வருஷம் நீங்கள் படுக்கையில் விழுந்த பிறகு, ஒரு மத்தியானம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று கேட்டீர்கள்: "அந்த ரெண்டு பேரையும் தோட்டத்த விட்டு அனுப்பினாரே ஒங்க சாமி, வெறும் ஒடம்போடயா அனுப்பினாரு?"

"இல்ல மதினி. தோலுல உடுப்பு செஞ்சு, அவரே போட்டுவிட்டுத்தான் அனுப்பினாரு."

"அதானே. பெறகு?"

"மண்ண வெட்டிப் பயிரு செஞ்சாங்க. புள்ளைங்க பொறந்துச்சு." அந்தப் பிள்ளைகளில் ஒருவன் மற்றவனைக் கொன்ற கதையைச் சொல்ல அன்று எனக்கு மனம் வரவில்லை.

நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, "அப்ப பொழச்சுக்கிட்டாங்க" என்றீர்கள். உங்களுக்குத் தெரிந்த யாரோ இரண்டு பேர் நல்லபடியாக இருப்பதாகத் தகவல் வந்ததுபோல இருந்தது உங்கள் முகம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சபைப் பிள்ளைகளுக்கு நான்தான் பாடம் எடுக்கிறேன். கீழ்ப்படியாமையையும் தண்டனையையும் மறைக்காமல்தான் சொல்கிறேன். முன்பெல்லாம் தோட்டத்து வாசல் அடைபட்டதும் கதை முடிந்துவிடும். இப்போது வாசலுக்கு வெளியே அந்த இரண்டு பேரோடும் இன்னும் கொஞ்ச தூரம் நடக்கிறேன், மதினி, அவர்களுடைய முதல் விளைச்சல் வரைக்கும்.