கீழ் ரோட்டில் போட்ட நாற்காலி

கார்வால்யல்,
17 பிப்ரவரி 2013

அன்பு மகள் இதலீனாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அந்த டொராண்டோ குளிரில் நல்ல சுகத்தோடு இருக்க மாதாவை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம், சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும், படுத்துவிடவில்லை என்று வைத்துக்கொள். அண்ணன் ஏன் லாரியை விற்றான், ஏன் யாரும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறீர்கள் என்று போனில் கேட்டாய். பக்கத்தில் உட்கார்ந்து உன் அப்பா வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார், அதனால் மழையைப் பற்றிப் பேசி வைத்துவிட்டேன். இப்போது அவர் சீட்டாடக் காப்பிக் கடைக்குப் போயிருக்கிறார், அதற்குள் எழுதிவிடுகிறேன்.

பன்றி அடித்தாயிற்று, குடலில் அடைத்த இறைச்சி அடுப்புக்கு மேலே புகையில் தொங்குகிறது, தவக்காலம் முடிகிற வரை வெள்ளிக்கிழமைகளில் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதுதான் உன் அப்பாவுக்கு வேலை. உனக்கு அனுப்பலாம் என்றால் உங்கள் ஊர் ஏர்போர்ட்டில் பிடுங்கிக் குப்பையில் போடுகிறார்களாம், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். சின்னவளுக்கு இருமல் என்றாயே, தேனும் எலுமிச்சையும் கொடு, சும்மா சும்மா டாக்டரிடம் ஓடாதே.

விஷயத்துக்கு வருகிறேன். நீ விட்டுப்போன ரோடு இல்லை இது. மேலே நெடுஞ்சாலையில் சுங்கம் வைத்த நாளிலிருந்து ஸ்பெயினுக்குப் போகிற லாரியெல்லாம் கீழே இந்தப் பழைய ரோட்டில்தான், நம் வாசலை உரசிக்கொண்டு. அவர்களையும் சொல்லிக் குற்றமில்லை. அவேரோவில் இருக்கிற லோடு ஏஜெண்ட் ஸ்பெயினில் இருக்கிற சலமாங்காவுக்கு ஒரே வாடகைதான் பேசுவான், டீசல், சுங்கம், டயர் எல்லாம் அதற்குள்ளேயே. கட்டாது என்றால் எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கம்பெனி அதைவிடக் குறைத்து ஓட்டத் தயார், அவர்களுக்கு அங்கே டீசல் மலிவு, திரும்பும்போதும் லோடு கிடைக்கிறது. உன் அண்ணன் அபீலியோ காலி வண்டியோடு திரும்புவான். மேலே போவானா கீழே போவானா? “மேல போனா மிச்சத்த சுங்கக்காரன் எடுத்துக்குறான், கீழ போனா பிரேக்கும் டயரும் தின்னுடுது. பிரேக்குகிட்டயாவது கொஞ்சம் கெஞ்சிப் பாக்கலாம்மா” என்று சிரிப்பான். போகிற வழியில் வாசலில் நிறுத்தி, நான் கொடுக்கிற முட்டைக்கோஸ் சூப்பை நின்றபடியே குடித்துவிட்டு ஏறிவிடுவான். ஒளிப்பானேன், எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. சுவர் விரிசல் விட்டது, அலமாரியில் தட்டு ஓயாமல் நடுங்கியது, பூசைக்குப் போக ரோட்டைக் கடக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது, அப்படியும் வாரத்துக்கு ரெண்டு தடவை மகன் முகம் பார்க்கிறேனே என்று இருந்தேன்.

ஜனவரி தொடக்கத்தில்தான் ஜெர்மானோ நம்மை விட்டுப் போனார். போனில் நான் மாரடைப்பு என்று சொன்னேன், அது பொய், மன்னித்துக்கொள். ரொட்டி வண்டி எதிர்ப்பக்கம் வந்து நிற்குமே, வாங்கிக்கொண்டு திரும்பியவரை ஒரு லாரியின் பக்கக் கண்ணாடி தலையில் அடித்துவிட்டது. ஓட்டி வந்தவன் பிராகா பக்கத்துப் பையன், ஓடிப்போகவில்லை, ரோட்டோரம் உட்கார்ந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தான். அவனைத் திட்டக்கூட யாருக்கும் மனசு வரவில்லை. ஜெர்மானோ உன் அண்ணனுக்கு ஞானத்தகப்பன் என்பது உனக்குத் தெரியும். அடக்கத்துக்கு வர அபீலியோ ஏஜெண்டிடம் லீவு கேட்டான். சலமாங்காவில் கட்டடத்துக்கு ஓடு இறக்க வேண்டும், கிரேன் வாடகைக்குப் பேசியாகிவிட்டது, “நீ ஓட்டலேன்னா ஸ்பெயின்காரன் ஓட்டுவான், அப்புறம் நாளைக்கும் அவனே ஓட்டுவான்” என்று சொல்லிவிட்டானாம். திரும்பும்போது கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றுகிறேன் என்று ஜெர்மானோ மனைவி பல்மீராவிடம் போனில் அழுதிருக்கிறான்.

கோவிலிலிருந்து கல்லறைக்குப் போக ரோட்டைக் கடக்க வேண்டும் அல்லவா, பெட்டியைத் தூக்கியவர்கள் நடு ரோட்டுக்கு வந்ததும் பல்மீரா நின்றுவிட்டாள். “இங்கயே எறக்கி வைங்க. உயிரோட இருந்தப்ப இவருக்கு ரோட்டக் கடக்க நேரம் குடுக்கல, இப்ப நிதானமா கடக்கட்டும்” என்றாள். இறக்கி வைத்துவிட்டார்கள். காப்பிக் கடையிலிருந்து நாற்காலிகள் வந்தன, வயதான பெண்கள் பெட்டிக்குப் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்தோம். போலீஸ் வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓரமாக நின்றது. லாரிக்கு இந்த ரோட்டில் தடை போடாமல் பெட்டி நகராது என்று நகராட்சிக்குச் சொல்லி அனுப்பியாகிவிட்டது. வளைவு வரைக்கும் லாரி வரிசை.

அந்த வரிசையிலிருந்து உன் அண்ணன் நடந்து வந்தான். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் முழங்காலிட்டான். எழுந்து பல்மீராவின் கையை முத்தமிட்டான். ஒன்றும் கேட்கவில்லை அவன், சத்தியமாகக் கேட்கவில்லை. அவள்தான் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, “டேய், அபீலியோவ மட்டும் விடுங்கடா, அவன் நம்ம புள்ள, வயித்துப் பொழப்பு கெட்டுடப் போகுது” என்றாள். பெட்டியை நகர்த்தக்கூட வேண்டாம், பெண்கள் நாற்காலியை எடுத்தால் சுவரோரமாக லாரி போய்விடும். எல்லாரும் எழுந்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை.

எழ விடாதது காலா மனசா என்று கேட்காதே இதலீனா. ஒரு கை தூரத்தில் ஜெர்மானோ பெட்டி, அதை உரசிக்கொண்டு என் மகனின் லாரி, அந்தப் பக்கக் கண்ணாடி. பல்மீரா அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். இவனை விட்டால் பின்னால் நிற்கிறவன் சும்மா இருப்பானா, அவனுக்கும் ஒரு அம்மா இருக்கிறாள். அபீலியோ கிட்டே வந்து, “அம்மா, எழுந்திரும்மா” என்றான். ஒரே ஒரு தடவை. நான் ஜெபமாலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். திரும்பிப் போய் இன்ஜினை அணைத்துவிட்டு கேபினிலேயே உட்கார்ந்துவிட்டான். சாயங்காலம் நகராட்சித் தலைவர் வந்து எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தார், இருட்டுகிற நேரத்தில் ஜெர்மானோவைப் புதைத்தோம்.

மறு வாரம் தடைப் பலகை நட்டுவிட்டார்கள். ஊர் முழுக்க என்னைக் கட்டிப்பிடிக்கிறது, உன்னைப்போல் உண்டா என்கிறது, எனக்கு எரிகிறது. ஏஜெண்ட் சொன்னதுபோலவே லோடு ஸ்பெயின் கம்பெனிக்குப் போய்விட்டது. கீழ் ரோடு இல்லாமல் வேறு லோடு எடுத்தாலும் உன் அண்ணனுக்குக் கட்டாது. லாரியை எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரன் ஒருவன் அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொண்டான். அபீலியோ இப்போது அந்தக் கம்பெனியிலேயே சம்பளத்துக்கு ஓட்டுகிறான், அவர்களுக்குச் சுங்கம் ஒரு பொருட்டில்லை. வாரக்கணக்கில் வீட்டுக்கு வருவதில்லை. மருமகள் அர்லெத் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, நானாக இருந்தாலும் பேசமாட்டேன்.

போன ஞாயிறு வந்தான். உருளைக்கிழங்கோடு கருவாட்டை அவித்து எண்ணெய் ஊற்றி வைத்தேன், தலை நிமிராமல் சாப்பிட்டான், சமையலறைக் குழாய் ஒழுகியதைச் சரிசெய்தான். கிளம்பும்போது கதவில் கை வைத்துக்கொண்டு சொன்னான். “அன்னிக்கு நீ எழுந்திருந்தா என் ஜென்மத்துக்கும் உன்ன மன்னிச்சிருக்க மாட்டேம்மா. எழுந்திருக்காததயும் மன்னிக்க முடியல.” அவ்வளவுதான், போய்விட்டான். நான் தப்பு செய்தேன் என்று சொல்ல மாட்டேன், யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன். ஆனால் அதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை, உன் அப்பாவுக்குத் தெரியாமல் கோழிக்குக் கொட்டுகிறேன்.

அவனுக்குப் பணம் கிணம் அனுப்பித் தொலைக்காதே, அவமானப்படுவான். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பண்ணு, அவன் பிள்ளைக்குப் பல் முளைத்ததா என்று கேள், வண்டியைப் பற்றிப் பேசாதே, நான் எழுதியதையும் சொல்லாதே. மாதா உங்கள் எல்லாரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், பிள்ளைகளின் நெற்றியில் என் பேரைச் சொல்லி ஒரு சிலுவை போடு. ஒன்று மறக்காதே. அவன் என்னைப் பற்றிக் கேட்டானா என்று எனக்கு எழுது. கேட்காவிட்டால், கேட்டான் என்று மட்டும் எழுதிவிடாதே.

உன் அம்மா
செலெஸ்தினா