கொண்டையிலிருந்து விழுந்த சங்கிலி

ஜூன் 4

என் வாயாடிக்கு, பாட்டி எழுதுவது.

முட்டிவலியைத் தவிர எனக்கொரு குறையும் இல்லை. நீ வந்து போய்த்தான் வருஷம் ஆகிறது. டிவியில் உன் தொடர் முடிந்ததும் பேர்கள் ஓடுமே, அதில் 'கதை' என்று போட்டு உன் பேர் வருகிறவரை எழுந்திருக்க மாட்டேன்.

நேற்றும் பார்த்தேன். பிரசவ ஆஸ்பத்திரி ஆயாவைக் கொண்டையை அவிழ்க்கச் சொல்கிறார்கள். சங்கிலி விழுகிறது. எதிர்வீட்டுத் தையல்காரி சிரித்துக்கொண்டே கேட்டாள்: "நீங்களும் ஆயாவா இருந்தவங்கதானே பாட்டி, உங்க கொண்டையில எத்தனை பவுன் வெச்சிருந்தீங்க?"

உனக்குக் காய்ச்சல் கண்டபோது மடியில் போட்டுக்கொண்டு சொன்ன கதையடி அது. வார்டே வேடிக்கை பார்க்க என் கொண்டையை உதறினார்கள். விழுந்தது ரெண்டு ஊசி. சங்கிலியைக் காணோம் என்று கூச்சல் போட்டாளே, அந்தப் பணக்காரியின் தலையணை உறைக்குள்ளேயே அது கிடந்தது. யாராவது மன்னிப்புக் கேட்டார்களா? "சரி சரி, போய் வேலையப் பாரு" என்றாள் பெரிய நர்ஸ். அவள் மூக்கில் இருந்த மருவைக்கூட நான் மறக்கவில்லை.

நீ ஏன் மாற்றினாய்?

உன் பாட்டி

ஜூன் 15

அன்புப் பாட்டிக்கு,

ஆயா எடுக்கவில்லை என்றுதான் முதலில் எழுதினேன். "அப்ப யாரு எடுத்தா? டாக்டரம்மான்னு காட்டினா ஜனங்க நம்ப மாட்டாங்க. ஆயான்னா உடனே நம்பிடுவாங்க" என்றார் இயக்குநர். தலையாட்டிவிட்டேன். இல்லையென்றால் வேலை போயிருக்கும், பாட்டி.

அடுத்த வாரம் ஆயா, சங்கிலிக்குச் சொந்தக்காரியான கதாநாயகியின் காலில் விழுந்து அழுவாள். அவள் மன்னித்துவிடுவாள். தயவுசெய்து அதைப் பார்க்காதீர்கள்.

எனக்கு லீவு கிடைத்திருக்கிறது. வரட்டுமா? முன்போல உங்கள் மடியில் படுத்து ஆஸ்பத்திரிக் கதையெல்லாம் கேட்க வேண்டும்போல் இருக்கிறது.

உங்கள் வாயாடி

ஜூன் 24

வாயாடிக்கு,

பார்த்தேன். நீ சொன்னால் கேட்கிறவளா நான்? அந்த நடிகை நன்றாகவே அழுதாள். தையல்காரிகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பொண்ணுக்கு எவ்வளவு பெரிய மனசு, மன்னிச்சுட்டா பாருங்க" என்றாள்.

வேலை போய்விடும் என்கிற பயம் எனக்குத் தெரியாததா? அந்தப் பயத்தில்தான் நானும் அன்றைக்கு வாயைத் திறக்காமல் குனிந்து ஊசிகளைப் பொறுக்கினேன். அதனால் உன்னைத் திட்ட வரவில்லை. மனசுதான் ஆறவில்லை.

வா, கண்ணு. ஜன்னலோரம் உன் கட்டிலைப் போட்டு, போர்வையை வெயிலில் உலர்த்தி வைத்திருக்கிறேன். பஸ் எத்தனை மணிக்கு என்று எழுது, தெருமுனைக்கே வந்து நிற்கிறேன். மடியில் படுத்துக்கொள், எவ்வளவு நேரமானாலும் எழுப்ப மாட்டேன்.

கதை மட்டும் கேட்காதே.

உன் பாட்டி