கிளச்சுக்குள் ஊற்றிய தேங்காய் எண்ணெய்

என் அன்பு அப்பாவுக்கு,

பங்கர்க் குழிக்குள் குப்பி விளக்கின் திரியைக் குறைத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வெளிச்சம் தெரிந்தால் அம்மா ஏசுவா. கடல் உங்களைக் கொண்டுபோய் இரண்டு வருடம் கடந்துவிட்டது. இப்போது வவுணதீவில் ஷெல் சத்தம் கிட்டக் கேட்கிறது. எனக்குப் பயம். ஆனால் உங்கள் வேன் நாளைக்கு ஓடும் அப்பா, அது எனக்குத் தெரியும்.

விடிந்ததும் களுதாவளைக்கு வெளிக்கிடுகிறோம். அக்காவுக்கு ஒன்பதாம் மாதம், அவ்வளவு தூரம் நடக்க மாட்டாள். நேற்று மாமா வேனை ஸ்டார்ட் பண்ணி முதல் கியரைத் தள்ளினார். கறகறவென்று கத்தியது, விழவில்லை.

"கியர் பொக்ஸ் போயிற்றுகா. இனி இது இரும்புக்குத்தான்" என்றார். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் இருந்துவிட்டாள்.

நீங்கள் யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுத்தவர் இல்லை. வண்டியோடுதான் பேசுவீர்கள். வட்டை வயலிலிருந்து நெல் மூடை ஏற்றி வரும்போது பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். "ஒரு கியர் மட்டும் முரண்டினாப் பெட்டிக்குள்ள பாக்கணும். எல்லாம் சேந்து முரண்டினாக் கிளச்சப் பாக்கணும்."

இன்று காலையில் எஞ்சினை நிற்பாட்டி வைத்துக் கியரை மாற்றினேன். ரிவேர்ஸ் வரைக்கும் எல்லாம் வழுக்கிக்கொண்டு விழுந்தன. மாமாவை ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். ஒன்றும் விழவில்லை. கிளச்சை ஆறேழு தரம் அடித்து மிதித்த பிறகுதான் முதல் கியர் விழுந்தது.

"மாமா, பெட்டி நல்லாத்தான் இருக்கு. கிளச்தான் விடுபடுகுதில்ல."

"பள்ளிக்கூடத்தில இதையும் படிப்பிக்கிறாங்களா புள்ள?"

"சிரிங்க, சிரிங்க. மிதி பஞ்சு மாதிரிக் கிடக்கு. நீங்களே மிதிச்சுப் பாருங்க."

மிதித்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

கிளச் ஒயில் குப்பியின் மூடியைத் திறந்தபோது தலைக்கு வைக்கும் எண்ணெய் மணத்தது. அப்பா, அதை ஊற்றியது நான்தான். போன மாதம் ஒயில் குறைந்து கிடந்தது. கிளச்சுக்கும் ஊற்றுகிற பிறேக் ஒயில் சோதனைச் சாவடியைத் தாண்டி வரவில்லை. எண்ணெய்க்கு எண்ணெய்தானே என்று அம்மாவின் போத்தலை எடுத்து ஊற்றிவிட்டேன். அது பட்டு ரப்பர் ஊதி, பம்புக்குள் சிக்கிக் கிடந்தது.

"ஆர் இந்த வேல பாத்தது?" என்று மாமா கேட்டார். நான் குனிந்துகொண்டேன்.

புது ரப்பருக்கு எங்கே போவது? கடல் பொங்கி வந்த அன்றைக்கு வேனை இங்கே விட்டுவிட்டு, பஸ்ஸில் குருக்கள்மடம் போனீர்களே, அன்றிலிருந்து நீங்கள் சாமான் போட்டுவைக்கும் பால்மாத் தகரப் பேணியை அம்மா ஒருவரையும் தொட விட்டதில்லை. இன்றைக்கு அவவே கொண்டுவந்து மூடியைத் திறந்தா. கடதாசியில் சுற்றிய ரப்பர்கள், உடைக்காத பிறேக் ஒயில் போத்தல் ஒன்று. எப்போதாவது தேவைப்படும் என்று வைத்தீர்களா?

மாமா பைப்பைக் கழுவி, ரப்பரை மாற்றினார். பைப்புக்குள் நின்ற காற்றை எடுக்க நான் வேனுக்குக் கீழே படுத்தேன். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சாரதி சீட்டில் ஏறினா.

"மிதிங்கம்மா! அப்படியே பிடிங்க! இப்ப விடுங்க!"

"கொப்பரப் போலயே கத்துறாய்" என்று உங்களைச் சொல்லி அம்மா சிரித்தா. எவ்வளவு நாளைக்குப் பிறகு!

குமிழி வருவது நின்றது. எஞ்சின் ஓட, முதல் கியர் சத்தமில்லாமல் விழுந்தது.

ஆனாலும் உள்ளே எங்காவது எண்ணெய் ஒட்டியிருக்கலாம். வழியில் மிதி மறுபடி அமர்ந்தால், ஏன் என்று ஓட்டுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? ஷெல்லை விட, இதைச் சொல்லத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். உங்களிடம் சொல்லிவிட்டேன். இனி மாமாவிடம் சொல்லலாம்.

அக்கா ஏறுவதற்கு முன், அவர் சாவியைத் திருப்புவதற்கு முன், சொல்லிவிடுவேன் அப்பா. இது சத்தியம். ஏசினால் ஏசட்டும். குருக்கள்மடம் வந்ததும் கியரைக் குறைத்து மெதுவாகப் போகச் சொல்வேன். கறகறப்பு ஒன்றும் உங்களுக்குக் கேட்காது.

மாமாவுக்குப் பக்கத்தில், முன் சீட்டில் வரப்போகும்
உங்கள் சின்ன மகள்,
வதனி