கலகெதரச் சந்தையில் தங்கிய நாள்

கலகெதர,
1935 தை மாதம்.

அன்புள்ள மச்சான் ராஜலிங்கம் அவர்களுக்கு, கறுப்பையா எழுதுவது. முருகன் துணையால் லயத்தில் எல்லோரும் சுகமாயிருக்க வேண்டும். எங்கள் சுகத்தைப் பிறகு எழுதுகிறேன்.

மடுல்கெல்லத் தோட்டத்தில் ஆள் குறைத்து, வேலை முடிந்ததென்று எங்களுக்குப் பத்துச்சீட்டு கொடுத்த பிறகு, குருநாகல் தென்னந்தோட்டத்தில் வேலை இருக்கிறதென்று நடந்தோம் அல்லவா? கண்டி தாண்டி இந்த இறக்கம் வந்ததும் மூக்காயிக்குக் கால் வீங்கிவிட்டது. உங்கள் தங்கச்சி வலிக்கிறதென்று வாய் திறக்கிற ஆளா? நான்தான் ஒரு நாள் தங்குவோமென்று பிடிவாதம் பிடித்தேன். தோளில் சுமந்துவந்த மகள் பேச்சிக்கும் உடம்பு சுட்டது. வழிப்போக்கர் தங்கும் அம்பலத்தில் இருவரையும் விட்டுவிட்டுச் சந்தை பார்க்கப் போனேன்.

சந்தை என்று பேர்தான். பாதிக் கடைக்கு ஆளில்லை. மற்றதில் விற்கிறவனும் சாக்கைப் போர்த்திக்கொண்டு நடுங்குகிறான், வாங்குகிறவனும் நடுங்குகிறான். மலேரியாக் காய்ச்சல், வீட்டுக்கு வீடு சாவு. புடவைக்கடை முனாப் நானா நம்ம பாஷைக்காரர். குருநாகல் பக்கம் இப்போது போகாதே தம்பி என்றார். மரத்தடியில் ஆசுபத்திரி ஆட்கள் அந்தக் காய்ச்சலுக்கு ஊற்றிக் கொடுத்த கொயினா மருந்தைப் போத்தலில் வாங்கித் தந்து, பிள்ளைக்கு உடனே கொடு என்று விரட்டினார்.

ஓட்டமாக வந்தேன். மூக்காயி கம்பளியை விலக்கிக் காட்டினாள். பிள்ளையின் கழுத்து, முதுகெல்லாம் பொடிப்பொடியாகச் சிவந்திருந்தது. அம்மா வந்திருக்கிறாள், மருந்து கொடுத்தால் கோபித்துக்கொள்வாள் என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. அம்மை கண்ட வீட்டில் மருந்து நுழைந்ததை நீங்கள்தான் பார்த்திருக்கிறீர்களா? போத்தலை மண்ணில் கவிழ்த்துவிட்டு, வேப்பிலை தேடி அதே சந்தையைத் திரும்பச் சுற்றினேன். மூலிகை விற்கிற சிங்களப் பெண் ஒரு கொத்துக் கொடுத்தாள். பெரிய காரியம் சாதித்த மாதிரி வந்தேன், மச்சான்.

மறுநாள் விடியும்போது பேச்சி போய்விட்டாள்.

முனாப் நானாவின் தாயார் ஆஸியா உம்மா வெள்ளைத்துணி கொண்டுவந்தார். பிள்ளையின் முதுகைப் பார்த்தவர் என்னைத் தனியே கூப்பிட்டு, இது அம்மையில்லை மகன், வேர்க்குரு என்றார். குளிர் ஊரிலிருந்து வந்து இந்தச் சூட்டில் கம்பளி போர்த்தினால் இப்படித்தான் வருமாம். காய்ச்சல் வேறு, அதற்கு மருந்து கொடுத்தாயா என்று கேட்டார். கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாளோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

ஓடைக்கரையில் அடக்கம் செய்தோம். அம்மா எடுத்த பிள்ளைக்கு அழக்கூடாது என்று மூக்காயி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. என்னையும் விட விடவில்லை. அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், நான் கூரையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.

மூக்காயிக்குக் கால் வீக்கம் வற்றும்வரை நானாவின் கடைப் பின்புறம் இருப்போம். பதிலைக் கடை விலாசத்துக்குப் போடுங்கள். நான்தான் அவளுக்கு வாசிக்க வேண்டும். எழுதியிருப்பதை மாற்றி வாசிக்கிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. அதனால் பேச்சியை அம்மா எடுத்துக்கொண்டாள் என்றே எழுதுங்கள். வேறு ஒன்றும் வேண்டாம். எழுத உட்காரும் முன், எங்களுக்கும் சேர்த்து நீங்கள் அங்கே வாய்விட்டு அழுதுவிடுங்கள், மச்சான்.

இப்படிக்கு,
கறுப்பையா